கங்காணி வீடு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற ஏ-9 சாலையில், அலுவிகாரையைத் தாண்டினால் பலாபத்வல. பெயரைக் கேட்டதும் தமிழ்க் காதுக்குப் பலாப்பழம்தான் மணக்கும். சிங்களத்திலோ பலாவுக்குக் ‘கொஸ்’ என்று பெயர். அங்கே ‘பலா’ என்றால் கீரை. இப்படி ஒலி ஒன்றாகிப் பொருள் பிரிந்த சொற்கள் இந்தப் பக்கம் நிறைய. ஒலியும் பொருளும் இரண்டு மொழியிலும் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லும் உண்டு. அது கங்காணி.

இலங்கை மலையகத்தில் ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தைக் கேட்டுக்கொண்டே போனால், பேச்சு ஓர் ஆளிடம் போய் நிற்கும். காப்பிக் காலத்தில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குச் சாலையில் காடு மிதித்து மாத்தளை வந்து சேர்ந்தவர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லப் பேரப்பிள்ளைகள் தடுமாறலாம். ‘கங்காணித் தாத்தா’ என்பது மட்டும் தடுமாறாமல் வரும். ‘கங்காணி வீடு’ என்றால் தோட்டத்து லய வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

கண்ணால் காண்பவன் கண்காணி. ணகர மெய்யை அடுத்துக் ககரம் வந்தால் நாக்கு ஙகரத்துக்குச் சாயும். வெண்காயம் வெங்காயமானதும், பேச்சில் வெண்கலம் வெங்கலமானதும் அப்படித்தான். சொல் தோட்டத்தில் பிறந்ததல்ல. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘மாகேசுவரக் கண்காணி’ வருகிறது. கோயில் காரியம் தவறாமல் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அது. திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறார். அந்த உயரத்திலிருந்து காப்பிக் காட்டுக்கு இறங்கி வந்த சொல் இது.

விளைச்சலை மேற்பார்ப்பதற்குத் தமிழில் ‘கண்காணம்’ என்றும் சொல்வதுண்டு. சிங்களத்தில் ‘கங்கானம்’ என்றால் மேற்பார்வையாளர். அந்தப் பதவியோடு ‘வீட்டார்’ என்று பொருள்படும் ‘கே’ சேர்ந்து ‘கங்கானம்கே’ என்ற வம்சப் பெயர் உருவானது. இன்றும் எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் அந்தப் பெயரைத் தாங்குகின்றன. மூதாதையின் வேலையை நினைவில் வைத்திருப்பதில் ‘கங்கானம்கே’யும் ‘கங்காணி வீடு’ம் ஒரே மாதிரிதான்.

ஆனால் தோட்டத்துக் கங்காணியின் கண் எதைக் கண்டது? விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரிய கங்காணி நிற்பார். செக்ரோல் ஏட்டில் பேர் விழும். தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்பது ஒரு நாள் சம்பளமும்கூட. காப்பிக்குப் பின் வந்த தேயிலையில், கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். காலையிலிருந்து மலையேறி இறங்கிய ஒருத்தியின் பேரைப் பாதியாக நறுக்கிய அந்தச் சொல்லை என்னால் வலியில்லாமல் உச்சரிக்க முடிவதில்லை.

வேலைக்கு வந்த ஆட்கள் பெரும்பாலும் கங்காணியின் சொந்த ஊரார், உறவுக்காரர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தவரும் அவர்தான், அதைக் கடனாக எழுதிவைத்தவரும் அவர்தான். அவர்கள் வேலைக்கு நின்றால் அவருக்குத் தலைக்காசு. கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது; புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்தால்தான் ஆள் நகரலாம். 1921இல்தான் சட்டம் துண்டுக்கு முடிவு கட்டியது. கல்யாணம், சாவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஓடிப்போய் நின்றதும் அதே கங்காணி வாசலில்தான். பிள்ளைகள் அவரை நினைக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்கட்டும்.

சிவகங்கைச் சீமையின் முனப்புதூரிலிருந்து வந்த கருப்பையா அப்படியொரு பெரிய கங்காணி. உழைத்து மேலேறி இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். அவருடைய மகன்தான் சௌமியமூர்த்தி தொண்டமான். 1913இல் பிறந்து 1999இல் மறைந்தவர், 86 வயது. கங்காணியின் மகன் தொழிலாளரின் சங்கத்துக்குத் தலைவரானார். 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களுக்காகப் பல பத்தாண்டுகள் வாதாடினார். தோட்டத்து ஆட்கள் அவரைக் கங்காணி என்று கூப்பிடவில்லை, ‘ஐயா’ என்றார்கள்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நடை முடிந்தது. முன்னோர் வந்த தடம்தான். ஆனால் இந்த முறை முன்னால் கங்காணி இல்லை. யார் பேரிலும் கடனும் இல்லை.