திருடன் எந்த வழியா மலை இறங்குவான்?

சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு தாண்டியிருப்போம், பின் சீட்டுல இருந்து அக்கா பையன் ஆரம்பிச்சான்.

"ஏன் மாமா, பிட்காயின்ல எல்லாக் கணக்கும் ஊருக்கே தெரியுமாமே? அப்புறம் திருடன் எப்படித் தப்பிக்கறான்? கம்ப்யூட்டர் கண்டுபுடிக்காதா?"

வயித்தைப் பிரட்டாம மேல போய்ச் சேர்றதே பெரும்பாடு, இதுல இந்தக் கேள்வி வேற. மேல போய் காப்பி குடிச்ச பிறகுதான் பதில் சொன்னேன். அதுவே இந்தப் பதிவு.

ஏற்காட்டுத் தோட்டத்துல ஒருத்தன் ஒரு மூட்டை மிளகு திருடிட்டான்னு வைங்க. மலை மேலயே ஒளிச்சு வச்சு என்ன பிரயோஜனம்? காசாக்கணும்னா கீழ இறங்கியே ஆகணும். வண்டி இறங்க முக்கியமா ரெண்டு வழி. ஒண்ணு சேலம் மலைப்பாதை, இன்னொண்ணு குப்பனூர் பாதை. மலை முழுக்கத் தேடறதை விட அடிவாரத்துல நிக்கறது புத்திசாலித்தனம். கிரிப்டோ திருடனைத் துரத்தின கதையும் கிட்டத்தட்ட இதேதாங்க.

பிட்காயின் 2009-ல வந்துச்சு. எந்த முகவரியில இருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போச்சுன்னு எல்லாமே பொதுப் பேரேட்டுல இருக்கும், அழிக்க முடியாது. ஆனா முகவரிக்குப் பின்னாடி யார்ங்கற பேர் மட்டும் இருக்காது. "அப்ப நம்மள யாரும் புடிக்க முடியாது"ன்னு கள்ளச் சந்தைக்காரங்க எல்லாம் குஷியா இருந்தாங்க.

அந்தக் குஷிக்கு 2013-ல வேட்டு வச்சது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியேகோ வளாகத்துல ஆராய்ச்சி மாணவியா இருந்த சாரா மைக்கல்ஜானும் அவர் கூட்டாளிகளும். அவங்க செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. தாங்களே வாடிக்கையாளராப் போய் 344 பரிவர்த்தனை பண்ணாங்க. வாங்கின சாமான்ல காப்பியும் உண்டு (ஏற்காட்டுல உக்காந்து இதைச் சொல்றப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு). காசு எந்த முகவரிக்குப் போச்சோ, அது அந்தக் கடையோடதுன்னு குறிச்சுக்கிட்டாங்க. அடுத்தது, ரெண்டு முகவரிக் காசு ஒரே பரிவர்த்தனையில சேர்ந்து செலவானா ரெண்டுக்கும் முதலாளி ஒருத்தராத்தான் இருக்கணும்ங்கற விதி. இப்படியே ஒண்ணோட ஒண்ணைக் கோத்து, திருட்டுக் காசு எந்தப் பரிமாற்றக் கூடத்துல கரை ஏறுதுன்னு காட்டிட்டாங்க. அந்தக் கூடம்தான் நம்ம அடிவாரம். அங்கதான் காயின் ரூபாயாவோ டாலராவோ மாறும், அங்கதான் பேரும் ஊரும் கேப்பாங்க.

ஆனா கோடிக்கணக்கான பரிவர்த்தனையை மனுஷன் கண்ணு எத்தனை நாளைக்குப் பாக்கும்? 2019-ல எலிப்டிக்ங்கற நிறுவனமும் எம்.ஐ.டி.-ஐ.பி.எம். ஆய்வுக்கூடமும் 2,03,769 பிட்காயின் பரிவர்த்தனைகளைப் பொதுவுல போட்டாங்க. அதுல 2 சதவீதம் குற்றம், 21 சதவீதம் நேர்மை, மிச்சமெல்லாம் 'தெரியாது'. இதை வச்சு எந்திரத்துக்குப் பாடம் நடத்தணும். பெரிய எதிர்பார்ப்போட இறக்கின வலைப்பின்னல் முறையை, 'ரேண்டம் ஃபாரஸ்ட்'னு ஒரு பழைய முறை முந்திடுச்சு. நூத்துக்கணக்கான கேள்வி மரங்களை நட்டு, ஒவ்வொண்ணும் போடற ஓட்டை எண்ணிப் பாக்கற முறை அது. மலைக்காட்டுக்குப் பொருத்தமான பேருதான் :-)

கதையில எனக்குப் புடிச்ச இடம் இனிமேதான். அந்தத் தரவு 49 காலக் கட்டங்களாப் பிரிஞ்சிருந்துச்சு. 43-வது கட்டத்துல ஒரு கள்ளச் சந்தை இழுத்து மூடப்பட்டுச்சு. அதுக்கப்புறம் எல்லா முறையும் தடுமாறிடுச்சு! திருடன் பாதையை மாத்திட்டான், எந்திரம் மட்டும் பழைய பாதையிலயே காவல் நின்னுச்சு. நேத்தைய திருடனைப் படிச்சுக்கிட்டு இன்னைக்கு நிக்கற காவல்காரன்!

இன்னொரு ஆபத்தும் இருக்கு. எந்திரம் சொல்றது 'சந்தேகம்', தீர்ப்பு இல்ல. திருட்டு மிளகை அறியாம வாங்கின மளிகைக்காரரும் அதே கணக்குல வந்துருவார். அவர் கணக்கை முடக்கிட்டா அவர் யார்கிட்ட போய் நிப்பார்?

நம்ம நாட்டுல 2023 மார்ச்லதான் பரிமாற்றக் கூடங்களைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அதாவது அடிவாரத்துல சாவடி போட்டாங்க. அடுத்த வருஷமே, 2024 ஜூலை 18-ல வசீர்எக்ஸ் கூடத்துல சுமார் 23 கோடி டாலர் களவு போச்சு. திருட்டுக் காசு டொர்னாடோ கேஷ்ங்கற கலவை எந்திரம் வழியாப் போனதைப் பேரேட்டுல உலகமே பாத்துச்சு. 2025 ஜனவரியில அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூணும் சேர்ந்து வடகொரியாதான் திருடுச்சுன்னு அறிவிச்சாங்க. திருடன் யாருன்னு தெரிஞ்சாச்சு. போனதுல பெரும்பகுதி திரும்பலை. அவன் நம்ம சாவடி இருக்கற வழியா இறங்கவே இல்லையே!

நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர் தலையிலயும் பங்கு போடலாம்னு நிறுவனம் திட்டம் போட்டுச்சு. சென்னையில இருந்து முதலீடு பண்ணின ஒருத்தர் நீதிமன்றம் போனார். அவர்கிட்ட இருந்தது எக்ஸ்.ஆர்.பி. காயின், களவு போனது வேற வகை. 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் ஒரு சொத்துதான், ஒருத்தருக்காக இன்னொருத்தர் நம்பிக்கையின் பேர்ல வச்சிருக்கக் கூடியதுதான்னு சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார்.

"அப்ப கம்ப்யூட்டர் வேஸ்ட்டா மாமா?"

இல்லடா. மூட்டை எந்த வழியாப் போச்சுன்னு அது சொல்லும், அது சின்ன விஷயமில்ல. ஆனா மூட்டை யாருதுன்னு சொல்ல ஒரு நீதிபதி வேணும், தப்பான ஆளைப் புடிச்சா விடச் சொல்லவும் அவரே வேணும்.

பையன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "சரி, இறங்கறப்ப குப்பனூர் வழியாப் போலாமா மாமா?"ன்னான்.

எனக்கென்னவோ அவன் மேலயே லேசா சந்தேகம் வந்துருச்சு!