ரெண்டாவது கல்: சூளகிரி பக்கத்துல ஒரு டிராயிங் ஏன் 7 மீட்டர் திரும்பிச்சு?

போன எபிசோட்ல சொன்ன மாதிரி இந்த வாரம் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஆட்டோகேட். சிவில் படிச்சவங்க, ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல இருக்கவங்க, "இது எனக்கும் நடந்திருக்கே"ன்னு சொல்லப் போறீங்க. மத்தவங்க பயப்படாதீங்க. நானும் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுதான். முதல் வருஷம் மினி டிராஃப்டரை பையில குத்திக்கிட்டு பஸ்ல போனதுதான் எனக்கும் டிராயிங்குக்கும் இருந்த ஒரே உறவு.

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு என் ஸ்கூல் ஃப்ரெண்ட் போன் பண்ணான். ஒசூர்ல ஒரு சின்ன ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேன். "மச்சி, நீ சாஃப்ட்வேர் ஆளுதானே, வந்து பாரு. ஆட்டோகேட்டுக்குப் பேய் பிடிச்சிருக்கு"ன்னான்.

போய்ப் பார்த்தா, உண்மையிலேயே பேய் பிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. வட்டமா வரைஞ்ச தண்ணித் தொட்டி கோணல் மாணலா தெரியுது. ஹேட்ச் போட்டா காணாமப் போகுது. ஜூம் பண்ணா கோடுங்க நடுங்குது. இது எல்லாத்தையும் விட பெரிய பிரச்சனை ஒண்ணு. சூளகிரி பக்கத்துல ஒரு குடோன் கட்டுற வேலை. மனையை ஒசூர்ல இருந்து வந்த ஒரு சர்வேயர் அளந்தாரு. ரோடும் எல்லையும் கிருஷ்ணகிரியில இருந்து வந்த இன்னொரு சர்வேயர் அளந்தாரு. ரெண்டு ஃபைலையும் ஒண்ணா இணைச்சா, பக்கத்துப் பக்கத்துல இருக்க வேண்டிய மனையும் ரோடும் 600 கிலோமீட்டருக்கு மேல தள்ளித் தள்ளி நிக்குது.

"அது ஒண்ணும் இல்ல, நான் மூவ் பண்ணி ஒட்ட வச்சுட்டேன்"னு சொன்னான் நண்பன். ரெண்டு ஃபைல்லயும் இருக்க ஒரு சர்வே கல்லைப் பிடிச்சு, கல்லு மேல கல்லை வச்சுட்டானாம். பார்க்க கச்சிதமா உட்கார்ந்திருந்துச்சு. நடுங்குற கோட்டை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துட்டு நானும் வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்த ராத்திரி நாங்க ரெண்டு பேரும் பண்ண தப்பு என்னன்னு புரியணும்னா 200 வருஷம் பின்னாடி போகணும்.

1792-ல திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டின ஒப்பந்தத்துல விட்டுக்கொடுத்த பகுதிகள்ல நம்ம பாரமகாலும் ஒண்ணு. இன்னைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரின்னு சொல்ற பூமிதான். அலெக்ஸாண்டர் ரீடும் அவர் கீழ வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் இங்க நிலத்தை அளந்து, யாருக்கு எவ்வளவு வரின்னு கணக்குப் போட்டாங்க. பின்னாடி ரயத்துவாரின்னு பேர் வாங்கின முறைக்கு இங்கதான் அடித்தளம். ஒசூரும் தேன்கனிக்கோட்டையும் 1799-ல திப்பு இறந்த பிறகுதான் கம்பெனி கைக்கு வந்துச்சு.

அந்த மாதிரி அளவை எல்லாம் வயலுக்கு வயல் தனித்தனி. இன்னைக்கும் நம்ம ஊர்ல பட்டாவோட வர்ற புலப்படத்தை எடுத்துப் பாருங்க. மூலையில கல்லு, கல்லுக்குக் கல்லு தூரம், நடுவுல ஜி லைன், அதுல இருந்து செங்குத்தா அளவுகள். அந்த வயலுக்குள்ள எல்லாம் சரியா இருக்கும். ஆனா அந்த வயல் பூமியில எங்க இருக்குன்னு அந்தத் தாள்ல இருக்காது. அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது.

பூமியில எங்க இருக்குன்னு கேட்டவர் வேற ஒருத்தர். வில்லியம் லாம்டன். 1800-ல பெங்களூரு பக்கத்துல அவர் முதல் அடிக்கோட்டை அளந்தாரு. அதுக்குப் பயன்படுத்தின இரும்புச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசா போய், அங்க வேண்டாம்னு திரும்பி வந்த கருவிகள்ல ஒண்ணு. 1802-ல சென்னை பரங்கிமலை பக்கத்துல இன்னொரு அடிக்கோடு, ஏழரை மைல். அதுல இருந்து முக்கோணம் மேல முக்கோணமா மேற்கே வந்தாரு. முக்கோணத்துல ஒரு பக்கமும் கோணங்களும் தெரிஞ்சா மத்த பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடிச்சிடலாம், பத்தாங்கிளாஸ் விஷயம். அவரோட தியோடலைட் கிட்டத்தட்ட அரை டன். 1808-ல தஞ்சாவூர்ல கோயில் கோபுரத்து மேல ஏத்துறப்போ கயிறு அறுந்து அடிபட்டு, வட்டம் நெளிஞ்சு போச்சு. மனுஷன் ஆறு வாரம் தனியா உட்கார்ந்து தட்டித் தட்டி நிமிர்த்தினாரு. ட்ரபுள்ஷூட்டிங்னா அது.

ஆனா எனக்குப் பிடிச்ச கதை 1804-ல நடந்தது. பரங்கிமலையில இருந்து சுமார் 300 கிலோமீட்டர் முக்கோணம் போட்டு பெங்களூரு வந்தாச்சு. கணக்குப் படி இங்க ரெண்டு இடத்துக்கு நடுவுல தூரம் இவ்வளவுன்னு தெரியும். அத்தோட நம்பிட்டுப் போயிருக்கலாம். லாம்டன் குழு அந்த ஏழு மைலையும் சங்கிலி போட்டு மறுபடி அளந்து பார்த்துச்சு. கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்குள்ள. அப்புறம்தான் அந்த வலையை நம்பி அடுத்த அடி. கன்னியாகுமரியில இருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிப் போன கிரேட் ஆர்க் அப்படித்தான் வளர்ந்துச்சு. 1823-ல லாம்டன் இறந்த பிறகு அதை முடிச்சவர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

இந்த 78 டிகிரியை ஞாபகம் வச்சுக்கோங்க. மறுபடி வரும்.

இப்போ கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். 1963-ல எம்ஐடியில ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட்னு ஒரு புரோகிராம் எழுதினாரு. லைட் பேனாவால திரையில கோடு போடலாம், "இந்த ரெண்டு கோடும் இணையா இருக்கணும்"னு கட்டளை போடலாம். 1982-ல ஆட்டோகேட் வந்துச்சு, மேசைக் கம்ப்யூட்டர்லயே ஓடுச்சு. 2000-ல ரெவிட். அதுல கோடு போடுறது இல்ல. சுவரையே, ஜன்னலையே மாடலா வைக்கிறோம். 2002-ல ஆட்டோடெஸ்க் அதை வாங்கிடுச்சு.

தாள்ல வரையற காலத்துல "பூஜ்யம் எங்க?"ன்னு யாரும் கேட்கல. சிப்காட் 1971-ல ஆரம்பிச்ச காலத்துல டிராயிங்னா டிரேசிங் பேப்பர், அம்மோனியா பிரிண்ட். கட்டடத்தோட மூலைத் தூண்தான் பூஜ்யம். அங்க இருந்து 6 மீட்டர், 12 மீட்டர்னு போவாங்க. ஜிபிஎஸ் வந்ததும் பூஜ்யம் இடம் மாறிடுச்சு.

சர்வேயர்கள் பயன்படுத்துற யூடிஎம் முறை, உலகத்தை ஆரஞ்சுச் சுளை மாதிரி 60 பட்டையா வெட்டுது. ஒவ்வொண்ணும் 6 டிகிரி அகலம். ஒவ்வொரு பட்டைக்கும் தனி பூஜ்யம். 43-வது பட்டை 78 டிகிரியில முடியுது. 44-வது அங்க தொடங்குது.

இப்ப மேப்பைத் திறங்க. ஒசூர் 77.8 டிகிரி. கிருஷ்ணகிரி 78.2. நடுவுல சூளகிரி பக்கத்துல அந்தக் கோடு ஹைவேயைக் குறுக்கே வெட்டிட்டுப் போகுது. ஜூஜூவாடியில மாநில எல்லை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், செக்போஸ்ட் இருக்கு, போர்டு இருக்கு. இந்த எல்லைக்கு போர்டு கிடையாது. ஒசூருக்குப் பூஜ்யம் மாலத்தீவுக்கு மேற்கே நடுக்கடல்ல, நிலநடுக்கோட்டு மேல. கிருஷ்ணகிரிக்குப் பூஜ்யம் மாலத்தீவுக்குக் கிழக்கே, அதுவும் கடல்லதான். ஒசூரோட கிழக்கு எண் சுமார் 8 லட்சத்து 7 ஆயிரம் மீட்டர். கிருஷ்ணகிரியோடது சுமார் 1 லட்சத்து 97 ஆயிரம். நேர்க்கோட்டுல 48 கிலோமீட்டர் தள்ளி இருக்க ரெண்டு ஊருக்கு 610 கிலோமீட்டர் வித்தியாசம் காட்டுற மர்மம் இதுதான்.

நடுங்குற கோடு? அதுக்கும் பூஜ்யம் தூரமா இருக்கறதுதான் காரணம். ஃபைல்ல எண்ணெல்லாம் 15 இலக்கத் துல்லியத்துல இருக்கும். ஆனா திரையில காட்டுற கிராஃபிக்ஸ் பல இடத்துல 7 இலக்கத்தோட நிறுத்திக்கும். நம்ம ஊர் நிலநடுக்கோட்டுல இருந்து வடக்கே சுமார் 1,400 கிலோமீட்டர். மில்லிமீட்டர்ல எழுதினா 140 கோடி. அந்த அளவு எண்ணுல 7 இலக்கக் கணக்கு நகரக்கூடிய மிகச் சின்ன அடி 128 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவரோட ஓரம் 13 சென்டிமீட்டர் தாவித் தாவிப் போனா நடுங்காம என்ன பண்ணும்? ரெவிட் இதுக்காகவே தன்னோட உள் பூஜ்யத்துல இருந்து 16 கிலோமீட்டருக்குள்ள மாடலை வைன்னு சொல்லுது.

தீர்வு சுலபம். மனைக்குப் பக்கத்துல ஒரு உள்ளூர் பூஜ்யம் வை. உலக எண்ணை ரெவிட்ல சர்வே பாயிண்ட்லயோ, ஆட்டோகேட்ல யூசிஎஸ்லயோ எழுதி வை. எந்தப் பட்டை, என்ன அலகுன்னு டிராயிங் மூலையில குறிச்சு வை. அந்த ராத்திரி நான் இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தேன். பாதிதான் சரி.

மீதி பாதி பத்து நாள் கழிச்சு சைட்ல தெரிஞ்சுது. காம்பவுண்ட் சுவருக்கு முளைக்குச்சி அடிச்சு, சுண்ணாம்புக் கோடு போட்டுட்டு இருந்தாங்க. பக்கத்து மாந்தோப்புக்காரர், எழுபது வயசு இருக்கும், அமைதியா வந்து நின்னாராம். தெலுங்கு கலந்த தமிழ். யார் மேலயும் கோபப்படல. என் நண்பனைப் பார்த்து, "ஏன் தம்பி, ரோட்டோரக் கல்லைப் பார்த்தீங்க சரி. அந்தக் கோடியில புளிய மரத்தடியில ஒரு கல்லு இருக்கே, அதைப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டாரு.

யாரும் பார்க்கல. போய் மண்ணைத் தள்ளிப் பார்த்தா கல்லு இருக்கு. சுண்ணாம்புக் கோடு அதுக்கு 7 மீட்டர் உள்ள, அவரோட தோப்புக்குள்ள போகுது.

நண்பன் எனக்கு போன் பண்ணான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டோம். உருண்டையான பூமியைத் தட்டையா விரிச்சா, பட்டையோட ஓரத்துல "வடக்கு" கொஞ்சம் சாயும். 43-வது பட்டையோட கிழக்கு ஓரத்துல ஒரு பக்கம் சாயுது, 44-வதோட மேற்கு ஓரத்துல எதிர்ப்பக்கம் சாயுது. நம்ம அட்சரேகையில ஒவ்வொண்ணும் சுமார் 0.65 டிகிரி. ரெண்டும் சேர்ந்தா 1.3 டிகிரி. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனா 300 மீட்டர் சுவரோட மறுகோடியில அது கிட்டத்தட்ட 7 மீட்டர். அந்த முக்கோணத்தோட பரப்பு கால் ஏக்கர். காய்க்கிற மாமரத்தோட கால் ஏக்கர்.

ஒரு கல்லு மேல இன்னொரு கல்லை வச்சா படம் நகர்ந்து வந்து உட்காரும். திரும்பி இருக்கான்னு ஒரு கல்லு சொல்லாது. ரெண்டாவது கல்லுதான் சொல்லும். லாம்டன் பெங்களூருல ஏழு மைல் சங்கிலி போட்டது அதுக்குத்தான். தன் கணக்கோட சம்பந்தமே இல்லாத ஒரு ரெண்டாவது சாட்சி. அவர் 1804-ல செஞ்சதை நாங்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டு செய்யல.

அப்புறம் ஒரு ஃபைலை முறையா இன்னொரு பட்டைக்கு மாத்தி, ரெண்டு கல்லுக்கும் நடுவுல டேப் வச்சு அளந்து சரிபார்த்தான். அதுலயும் ஒரு சின்னப் பாடம். பட்டையோட ஓரத்துல யூடிஎம் தூரமும் தரையில அளக்குற தூரமும் ஒண்ணா இருக்காது. கிலோமீட்டருக்கு அரை மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். அதனால சுவர் நீளத்தைத் தரை அளவுலயே கொடுத்தான். முளைக்குச்சியைப் பிடுங்கி மறுபடி அடிச்சாங்க. புதுக் கோடு புளிய மரத்தடிக் கல்லைத் தொட்டுட்டுப் போச்சு.

இதை ஏன் எபிசோடா பண்றேன்னா, அந்தப் பெரியவர் அன்னைக்கு ஊர்ல இல்லாம இருந்திருந்தா? சுவர் எழும்பியிருக்கும். அவர் கையில இருக்கறது ஒரு புலப்பட நகல். எதிர்ல இருக்கறது கலர் பிரிண்ட் போட்ட, மூணு தசம இடம் வரைக்கும் எண் போட்ட டிராயிங். தாலுகா ஆபீஸ்ல யார் பேச்சு எடுபடும்னு உங்களுக்கே தெரியும். சாஃப்ட்வேர் அன்னைக்கு எந்த எர்ரரும் காட்டல. எல்லாக் கோடும் சுத்தமா, நடுங்காம இருந்துச்சு. நடுக்கத்தை நிறுத்திக் கொடுத்தவனே நான்தான்.

இப்போ சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி எல்லாப் பக்கமும் தொழிற்பேட்டை வளருது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத 78 டிகிரி கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தினமும் யாராவது ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலோட ஒட்ட வச்சுக்கிட்டு இருக்காங்க. இதைக் கேட்கிற டிராஃப்ட்ஸ்மேன் நண்பர்களே, உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். மூவ் கமாண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது கல்லைத் தேடுங்க. இல்லைன்னா சைட்டுக்குப் போய், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் யாராவது இருந்தா, "ஐயா, கல்லு எங்க இருக்கு?"ன்னு கேளுங்க.

போன வைகாசியில அவர் நண்பன் கையில ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினாரு. பாதி எனக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.