சூடான கம்பி சொன்ன கணக்கு

பெர்லினில் சீமென்ஸ் ஹால்ஸ்கே நிறுவனத்தின் மின்விளக்குத் தொழிற்சாலை. பல்புக்குள் காற்று எவ்வளவு மிச்சம் என்று அறிய அங்கே மெக்லியாட் 1874இல் உருவாக்கிய பாதரச அளவிதான் கதி. சிக்கிய வாயுவைப் பாதரசத்தால் நெருக்கி, உயரம் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே வேலை. கண்ணாடி உடைந்தால் பாதரசம் தரையெல்லாம் ஓடும்.

1906இல் அங்கே பணியாற்றிய மார்செல்லோ பிரானி, சூடான கம்பியையே அளவியாக்கினார். கம்பியின் வெப்பத்தைச் சுற்றியுள்ள வாயு எடுத்துப்போகிறது. வாயு குறையக் குறையக் கம்பி கூடுதலாகச் சுடும், மின்தடை ஏறும். தடையை அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். அருமையான யோசனை! ஆனால் ஹைட்ரஜன் காற்றைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் பிரானி அளவியைத் தேர்ந்தெடுப்பவர் உள்ளே இருப்பது எந்த வாயு என்று இன்றும் முதலில் கேட்டாக வேண்டும்.

பிரானி அளவிக்கு எட்டாத ஆழமான வெற்றிடத்துக்கு, எலெக்ட்ரான்களை மோதவிட்டு வாயுவை அயனியாக்கி அளக்கும் அயனியாக்க அளவிகள் வந்தன.

அவையும், அழுத்த அலகான ஒரு டாரில் சுமார் பத்து கோடியில் ஒரு பங்கோடு நின்றுவிட்டன. எலெக்ட்ரான்கள் மோதிய கிரிட் எனும் கம்பிவலையிலிருந்து கிளம்பிய மென் எக்ஸ் கதிர்கள், அயனிகளைச் சேகரிக்கும் உருளையில் பட்டுப் பொய்க் கணக்கு காட்டின. 1950இல் பேயார்டும் ஆல்பர்ட்டும் உருளையை நீக்கி, நடுவே மெல்லிய கம்பியை நிறுத்தினார்கள். கதிர் படும் பரப்பு சுருங்கியது. பம்புகள் ஏற்கெனவே அந்தப் பழைய வரம்பைவிட ஆழத்தை எட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.