பருமன் மாறாமை என்னும் எடுகோள்: ரப்பர், நுரை ரப்பர் மீட்சிக் கோட்பாட்டின் வரலாறு (1940–1986)

ஆய்வுச் சுருக்கம்

ரப்பரை இழுத்தாலும் முறுக்கினாலும் அதன் பருமன் மாறுவதில்லை என்னும் எடுகோளின்மேல் பெரும் மீட்சி உருமாற்றக் கோட்பாடு வளர்ந்தது. அவ்வெடுகோள் நிலைபெற்றதற்குப் பொருளின் இயல்பு மட்டுமன்றிக் கணித எளிமையும் காரணம் என்பதை இக்கட்டுரை நுரை ரப்பர் ஆய்வுகளின் வழி எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: திரிபு ஆற்றல், பருமன், நுரை ரப்பர், பாய்சான் விகிதம்

முன்னுரை

திண்ம ரப்பரின் பருமக் குணகம் அதன் விறைப்புக் குணகத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே அதன் வடிவம் எளிதில் மாறும். பருமன் மாறுவது அரிது. உருமாறும் பொருளில் சேரும் ஆற்றலை நீட்சியின் வழி அளவிடும் கோவை ‘திரிபு ஆற்றல் சார்பு’ எனப்படும். 1940இல் அமெரிக்காவில் மெல்வின் மூனி வகுத்த சார்பும், 1948இல் இங்கிலாந்தில் ரொனால்டு ரிவ்லின் வெளியிட்ட கட்டுரைகளும் பருமன் மாறாமையையே அடிப்படையாகக் கொண்டன.

எடுகோளின் பயன்

பருமன் மாறாதெனக் கொண்டால் பொருளினுள் நிலவும் அழுத்தம் திரிபைச் சாராத தனி மாறியாகிறது. சமநிலையையும் எல்லை நிபந்தனைகளையும் கொண்டு அதனைக் கணிக்கலாம். இவ்வுரிமையால், உருளையின் முறுக்கம் போன்ற சிக்கல்களுக்கு ஆற்றல் சார்பு எவ்வடிவினதாயினும் பொருந்தும் தீர்வுகளை ரிவ்லின் கண்டார். பருமன் மாறும் பொருள்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. பரப்பில் மட்டும் விசை செயற்படும்போது, அத்தகைய ஒருபடித்தான, திசையொத்த பொருள்கள் அனைத்துக்கும் பொதுவாக அமையக்கூடியது சீரான உருமாற்றம் ஒன்றே என்று 1955இல் ஜெரால்டு எரிக்சன் நிறுவினார். எனவே சீரற்ற உருமாற்றங்களை ஆராய்வோர் முதலில் ஒரு குறிப்பிட்ட சார்பைத் தேர்ந்தாக வேண்டியதாயிற்று.

பிளாட்ஸ்–கோ சார்பு

1962இல் பிளாட்ஸ், கோ ஆகிய இருவரும் திண்ம பாலியூரித்தேன் ரப்பரையும், பருமனில் ஏறத்தாழ 47 விழுக்காடு வெற்றிடம் கொண்ட நுரை ரப்பரையும் இழுத்துச் சோதித்தனர். நுரைக்குப் பாய்சான் விகிதம் 1/4 எனப் பெறப்பட்டதால், அதன் சார்பில் விறைப்புக் குணகம் ஒன்றே மாறிலியாக எஞ்சியது. இவ்வெளிமை கோட்பாட்டாளரை ஈர்த்தது. ஒரு நுரைக்கென வகுத்த சார்பு, பருமன் மாறும் பொருள்களின் பொது மாதிரியாகவே கையாளப்பட்டது. 1975இல் நோல்ஸ், ஸ்டெர்ன்பெர்க் ஆகியோர் அதன் எல்லையைச் சுட்டினர். கடுமையான திரிபில் அச்சார்பு தரும் சமநிலைச் சமன்பாடுகள் தம் நீள்வட்டத் தன்மையை இழக்கின்றன. அந்நிலையில் திரிபு பொருளினுள் திடீரெனத் தாவி மாறவும் கூடும்.

ஆக்டன் முதல் ஸ்டோராகெர்ஸ் வரை

1972இல் ரே ஆக்டன் முதன்மை நீட்சி விகிதங்களின் அடுக்குகளால் ஆற்றலை எழுதி, பருமன் மாற்றத்துக்கென ஓர் உறுப்பைச் சேர்த்தார். பருமன் சிறிதளவே மாறும் திண்ம ரப்பருக்கு அது பொருந்திற்று. நுரையின் நிலை வேறு. அமுக்கும்போது அதன் கண்ணறைச் சுவர்கள் வளைந்து மடிகின்றன. பக்கவாட்டு விரிவு மிகக் குறைவு. சுவர்கள் ஒன்றையொன்று தொட்டபின் விறைப்பு விரைந்து உயர்கிறது. 1986இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்டோராகெர்ஸ், ஆற்றல் கோவையின் ஒவ்வோர் உறுப்பிலும் நீட்சியையும் பருமனையும் இணைத்து, பெரும் பருமன் மாற்றத்துக்கு இடமளித்தார்.

முடிவுரை

திண்ம ரப்பரில் பருமன் மாறாமை சிறந்த தோராயம். நுரையிலோ அது பொருந்தாது. இழுவையில் பெற்ற மாறிலிகளைச் சோதிக்காமல் அமுக்கத்துக்குப் பயன்படுத்தினால், மெத்தை, அதிர்வுத் தாங்கி போன்றவற்றின் கணிப்பு பிழைபடும். ஒரு சார்பு பரவலாகக் கையாளப்படுவது அதன் கணித எளிமைக்குச் சான்றாகலாம். பொருளுக்கு அது பொருந்துகிறது என்பதற்கு, அப்பொருள் உண்மையில் தாங்கவிருக்கும் விசையில் செய்யும் சோதனையே சான்றாகும்.