ஏடு காத்த சிறுப்பிட்டிப் பெருமகன்

ஒரு வீட்டில் மாத்திரம் விளக்கு எரியுமாயின் அதனை அணைக்க ஒரு காற்றே போதும். அவ்விளக்கிலிருந்து ஊரெல்லாம் விளக்கேற்றிவிட்டாலோ, எக்காற்றும் அவ்வூரை இருளாக்க மாட்டாது. நூல்களுக்கும் இதுவே நியதி. ஒரேயொரு பிரதியாய் இருக்கும் நூல் அதிட்டத்தினால் வாழ்கின்றது; பல பிரதிகளாய்ப் பரவிய நூலோ தன் பலத்தினால் வாழ்கின்றது. இவ்வுண்மையை உணர்ந்து தம் வாழ்நாளை அதற்கே ஈந்த ஒருவரை இம்மலரில் நாம் நினைவுகூருகின்றோம். அவரே சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த பிள்ளையவர்கள், வட்டுக்கோட்டைச் செமினரியிற் கல்வி பயின்றார். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் தோன்றியபோது, அதன் முதலாவது பி.ஏ. பரீட்சையில் தேறியோர் இருவர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பது நாம் என்றும் மறக்கற்பாலதன்று. பின்னர் ஆசிரியராயும், சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதி உத்தியோகத்தராயும், கும்பகோணத்தில் வழக்கறிஞராயும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதியாயும் அவர் விளங்கினார்.

இவ்வளவோடு நின்றிருப்பின், உயர்ந்த உத்தியோகம் பார்த்த பலருள் ஒருவராய் அவர் மறைந்திருப்பார். ஆனால் அவர் உள்ளத்தை வருத்தியது வேறொரு கவலை. நம் முன்னோர் நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டவை. கறையானும் இராமபாணப் பூச்சியும் தின்று தீர்க்குமுன் புதிய ஓலையிற் பெயர்த்து எழுதினாலன்றி அவை நிலையா. பெயர்த்தெழுதும் வழக்கமோ அருகி வந்தது. ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்வதையும், கயிற்றை அவிழ்த்தால் ஓலை ஒடிவதையும் கண்டு அவர் பதைபதைத்தமை அவருடைய பதிப்புரையாற் புலனாகின்றது.

ஏட்டை அச்சேற்றுதல் எழுத்தைப் பார்த்து எழுத்தைக் கோப்பதுபோன்ற எளிய தொழிலன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். செய்யுள் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்பதையும் படிப்பவரே துணிய வேண்டும். இடைநடுவே ஓலைகள் காணாமற் போயிருக்கும். ஊர் ஊராய்ப் பிரதிகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, கைப்பொருளையுஞ் செலவிட்டு அவர் உழைத்தார். 1868இல் ஆறுமுக நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரை அவர் முயற்சியால் வெளிவந்தது. அதன்பின் 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி எனப் பல நூல்கள் வெளிவந்தன. வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சமணர் காவியம். சைவராகிய பிள்ளையவர்கள், தமிழ் என்ற ஒன்றையே நோக்கி இவற்றையுங் காத்தமை நம் சிந்தனைக்குரியது.

அவர் பதிப்பில் பிழையே இல்லையோ எனின், உண்டு. பொருளதிகார உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே அவர் வெளியிட்டார். அதன் பின்னான்கு இயல்களுக்கும் உள்ள உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னாளில் இரா. இராகவையங்கார் நிறுவினார். அச்சில் வந்தமையாலன்றோ பலரும் கற்கவும் பிழை காணவும் முடிந்தது! பிழை வந்துவிடுமோ என்றஞ்சிப் பிள்ளையவர்கள் வாளாவிருந்திருப்பின், திருத்துவதற்கும் நூல் எஞ்சியிராது.

1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1ஆந் திகதி அவர் உலக வாழ்வை நீத்தார். எண்பது ஆண்டுகள் கழிந்து, 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு பிரதியில்லாத சுவடிகள் அன்றே அழிந்தன. அவற்றை இனி எவராலும் மீட்க முடியாது. ஆனால் கலித்தொகை அழியவில்லை, தொல்காப்பியம் அழியவில்லை. உலகில் எத்தனையோ இடங்களில் அவற்றின் பிரதிகள் இருந்தன. அன்று சிறுப்பிட்டிப் பெருமகன் ஏற்றிய விளக்கை அத்தீயினால் அணைக்க முடியவில்லை.

இளைஞர்களே! வரலாற்றைப் படித்துப் பெருமை பேசுதல் மாத்திரம் நம் கடனன்று. நம்மவர் வீட்டுப் பரண்களிலும் பெட்டிகளிலும் வைத்திய ஏடுகள், சோதிட ஏடுகள், பழைய கடிதங்கள், கோயிற் கணக்குகள் இன்றும் கிடக்கின்றன. அவற்றைப் பிரதி செய்ய இன்று அச்சுக்கூடமும் வேண்டுவதில்லை; கையிலுள்ள தொலைபேசியே படம்பிடித்துத் தரும். பெரியோர்களே! பெட்டியைத் திறந்து காட்டுங்கள். எழுத்தை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். அடுத்த மலர் வெளிவருமுன் நாம் ஒவ்வொருவரும் ஓர் ஏட்டுக்கேனும் இரண்டாவது பிரதி ஒன்றை உண்டாக்குவோமாக. பிள்ளையவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான அஞ்சலி அதுவேயாம்.