கடைசி வரிசைக்கு எட்டும் குரல்

ஊர்ச் செய்தியைத் தெருத்தெருவாய் அறிவிக்கப் பறையும் தமுக்கும் அடித்தவர்கள் நம் முன்னோர். அச்செய்தி முடிவான மன்றத்தில் அமர்ந்து கேட்க அவர்கட்கு இடம் தரப்படவில்லை. வேதம் ஓதுதலைச் செவிமடுக்கும் சூத்திரனின் காதில் வெள்ளீயமும் அரக்கும் உருக்கி வார்க்க வேண்டுமெனக் கௌதம தரும சூத்திரம் விதித்தது. சூத்திரனுக்கே அவ்விதி எனில், வருணத்துக்குப் புறம்பே நிறுத்தப்பட்ட நம்மவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலின், நம் கல்விச் சங்க மண்டபத்துக்கு ஒலிபெருக்கி அமைக்கும் பேச்சு எழுந்துள்ள இவ்வேளையில், இதனை ஏதோ மின்கருவி வாங்கும் காரியமாக மட்டும் நாம் கருதவில்லை.

பெரிய பெட்டிகளாக நான்கு வாங்கி மேடையில் நிறுத்த வேண்டுமென்பது நம் இளைஞர் பலரின் விருப்பம். ஆர்வம் பாராட்டத்தக்கது, கையிருப்போ சிறிது. செலவிடுமுன் இத்துறையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலமென எண்ணுகின்றோம்.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு இதே தொல்லை நேர்ந்தது. ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாய்க் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசிய சொல் ஒன்றும் விளங்கவில்லை. குரல் குறைவன்று, கூடுதல்! ஒரு சொல்லின் முழக்கம் சுவர்களில் மோதி ஐந்தரை விநாடிக்கு மேல் ஒலித்து நிற்க, அதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் வந்து அதன்மேல் விழுந்தன. இதனை எதிர்முழக்கம் என்பர். தீர்வு காணுமாறு வாலஸ் சாபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர் பணிக்கப்பட்டார். அவரிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழலும் காலங்காட்டும் கருவியும் தம் இரு செவிகளுமே. ஊர் அடங்கிய பின், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களுடன் சுமந்து வந்து அம்மண்டபத்தில் பரப்புவார். குழலை ஊதி, ஒலி மறையும் நேரத்தை அளப்பார். விடியுமுன் மெத்தைகளைத் திரும்பக் கொண்டு சேர்ப்பார். மெத்தைகள் பெருகப் பெருக முழக்கம் குறைந்தது. எல்லாவற்றையும் பரப்பியபோது ஒரு விநாடியை ஒட்டி வந்து நின்றது. இவ்வாறு பல இரவுகள் உழைத்து 1898இல் அவர் கண்ட விதியே இன்றளவும் மண்டப ஒலியியலின் அடிப்படை. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கு அவ்விதியைக் கொண்டு திட்டமிடப்பட்டது. கடன் வாங்கிய மெத்தையில் பிறந்த அறிவியல் என்று இதனைச் சொன்னால் பொருந்தும்.

அவ்விதி எளிது. மண்டபத்தின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்க விநாடி கிடைக்கும். உறிஞ்சும் அளவுக்கு இங்கே அலகு திறந்த சன்னலின் ஒரு சதுர அடி; சன்னல் வழி சென்ற ஒலி திரும்பி வாராதன்றோ!

60 அடி நீளம், 30 அடி அகலம், 15 அடி உயரமுள்ள மண்டபம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 27,000 கன அடி. சிமெண்டு பூசிய சுவரும் தரையும் கூரையும் ஒலியை நூற்றில் இரண்டு மூன்று பங்கே உறிஞ்சும். எல்லாம் சேர்ந்து 157 அலகு தேறலாம். வெறும் மண்டபத்தில், சன்னல்கள் சாத்தியிருக்க, எட்டு விநாடிக்கு மேல் முழங்கும். நான்கடிக்கு நான்கடியாக எட்டுச் சன்னல்களைத் திறந்தால் நாலரை விநாடியாகும். நூற்றைம்பது பேர் வந்தமர்ந்தால் ஒன்றரை விநாடிக்கும் கீழே இறங்கும். மனித உடலும் உடையும் அத்துணை உறிஞ்சும்! மேடைக்கு எதிரேயுள்ள பின்சுவர் முழுவதும் கனத்த துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் ஒரு விநாடியை நெருங்குவோம். பேச்சுக்கு அதுவே ஏற்றது. முட்டை அட்டைகளை ஒட்டலாம் என்று சிலர் யோசனை கூறினர். அவற்றால் பேச்சொலிக்குப் பெரும்பயன் இல்லை, தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு.

இனி ஒலிபெருக்கி. கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் இருவரும் வடித்த கருவி 1915இல் மக்கள் முன் முழங்கிற்று. அதற்கு அவர்கள் இட்ட மேக்னவாக்ஸ் என்னும் பெயருக்கு இலத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919இல் சான் டியேகோ விளையாட்டரங்கில் குடியரசுத் தலைவர் வில்சன் அதன் வழியே பேசினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் ஒலிவாங்கியின் முன் நின்று இருபத்திரண்டு உறுதிமொழிகளைச் சொல்ல, இலட்சக்கணக்கானோர் திருப்பிச் சொன்னதை நாம் அறிவோம். இவையெல்லாம் திறந்த வெளிகள். சுவர் இல்லை, முழக்கமும் இல்லை. திடலுக்கு ஏற்ற குழாய் ஒலிபெருக்கியை நாற்சுவருக்குள் கொண்டுவந்து அலறவிடுவதே நம் கூட்டங்களில் நேரும் பிழை.

இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் முழக்கம் பத்து விநாடிக்கும் மேல் நீண்டது. 1950களின் தொடக்கத்தில் பார்க்கின், டெய்லர் என்னும் அறிஞர்கள் அங்கே சிறு ஒலிபெருக்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய தூண்களை நிறுத்தினர். தூண் வடிவப் பெட்டி கூரைக்கும் தரைக்கும் ஒலியை வீணாக்காமல் அமர்ந்தோர் செவிக்கு நேரே செலுத்தும். நம்முடைய சிறு மண்டபத்துக்கு அத்தகைய இரண்டு போதுமென்பது நம் கருத்து.

வாட் கணக்கில் மயங்குவோர்க்கு ஒரு சொல். நூறு வாட்டை இருநூறாக்கினால் கூடுவது மூன்று டெசிபல். காது அதை அரிதாகவே உணரும். ஒலி இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். பேசுபவர் ஒலிவாங்கியிடமிருந்து ஒரு முழம் தள்ளி நிற்பதை விட்டு அரை முழமாக நெருங்கினாலோ, வாட்டை நான்கு மடங்காக்கிய பயன் செலவின்றிக் கிட்டும்; மைக் ஊளையிடுவதும் அடங்கும்.

எமது கூட்டம் ஒன்றில் பள்ளி மாணவி ஒருத்தி அரும்பாடுபட்டு எழுதி வந்ததைப் படித்தாள். முன்வரிசையில் நாங்கள் கைதட்டினோம். வேலை முடித்து நேரங்கழித்து வந்து பின்னால் அமர்ந்திருந்தவர்களுள் அவள் தாயும் ஒருவர். "பாப்பா என்ன பேசிச்சுங்க?" என்று பின்னர் அவர் எங்களையே கேட்டார். வாடகை ஒலிபெருக்கி அன்று காதைப் பிளந்துகொண்டுதான் இருந்தது.

ஒலி எட்டுவது வேறு, சொல் எட்டுவது வேறு என்பதைத் தொலைபேசி ஆய்வாளர் ஹார்வி ஃபிளெட்சர் முதலியோர் அளந்தே காட்டினர். பொருளற்ற அசைகளை ஒருவர் படிக்க, கேட்போர் எழுதுவர்; நூற்றுக்கு எத்தனை சரியென எண்ணுவர். அதனை நாமும் செய்யலாம். மேடையில் ஒருவர் தொடர்பற்ற நூறு சொற்களைப் படிக்கட்டும். கடைசிப் பலகையில் மாணவர் மூவர் அமர்ந்து எழுதட்டும். ஒருமுறை சுவர் வெறுமையாய் இருக்கையில், மறுமுறை துணி தொங்கவிட்டு. அவ்விரு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கடைக்காரரின் விலைப்பட்டியலைப் பிரிக்குமாறு கட்டடக் குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம்.