ஒரு பொதிக்கு எத்தனை அலமாரி? டெபியனிலிருந்து சீர்காழி வரை ஒரு தேடல்

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்த இயங்குதளம், டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் மேல் எழுப்பப்பட்டது. தமிழுக்கென்று அந்த டெபியன் களஞ்சியத்தில் என்னென்ன இருக்கின்றன, அவை எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று மதுரையிலிருந்து தேடப் புகுந்தேன்.

முதல் தேடலிலேயே ஒரு சிக்கல் தட்டுப்பட்டது. தமிழ் எழுத்துருக்கள் 'ஃபான்ட்ஸ்' பிரிவில் இருக்கின்றன. சொற்பிழை திருத்தும் அகராதி 'டெக்ஸ்ட்' பிரிவில். அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் டெஸராக்டின் தமிழ்த் தரவு 'கிராஃபிக்ஸ்' பிரிவில். லிப்ரே ஆபிஸின் தமிழ் முகப்பு 'லோக்கலைசேஷன்' பிரிவில். தமிழில் வேலை செய்ய விரும்பும் ஒரு மாணவர் நான்கு அலமாரிகளைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த அடுக்குமுறையை வகுத்தது யார்? வேறு வழியை யாரும் யோசிக்கவில்லையா?

டெபியன் தன் பழைய நிலைகளைத் தூக்கி எறிவதில்லை. 'ஸ்னாப்ஷாட்' என்ற அதன் காப்பகத்தில் 2005 முதலான பொதிகள், அதாவது நிறுவுவதற்கேற்பக் கட்டிவைத்த மென்பொருள் தொகுப்புகள், நாள்வாரியாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பொதிக்குள்ளும் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற குறிப்பேடு உண்டு. வரலாற்று ஆய்வாளருக்கு இதைவிட நல்ல ஆவணம் அமைவது அரிது.

இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கினார். 1996இல் வந்த 1.1 பதிப்பில் 474 பொதிகள். அந்த அளவுக்குச் சில பிரிவுகளே போதும். ஒரு பொதிக்கு ஒரு பிரிவு என்பது விதி. தொடக்கத்தில் பிரிவின் பெயரே கோப்புறையின் பெயருமாக இருந்ததால், ஒரு பொதியின் பிரிவை மாற்றினால் கோப்பையே இடம் மாற்ற வேண்டும். அதன் நகலை வைத்திருக்கும் உலகெங்குமுள்ள வழங்கிகளும் அப்படியே மாற்ற வேண்டும். 2000 டிசம்பரில் 'பூல்' என்ற பொதுக் கிடங்கு வந்தது. அதன் பிறகு கோப்புகள் பெயரின் முதலெழுத்துப்படி ஓரிடத்தில் இருக்க, பிரிவு என்பது பதிவேட்டில் எழுதும் ஒரு வரியாக மட்டும் ஆனது. பொருள் இருக்கும் இடம் வேறு, அதைத் தேடும் வழி வேறு என்று பிரிந்தது இங்கேதான்.

அடுத்த தடயம் எழுத்துருக்களிடம் கிடைத்தது. பழைய பதிவுகளில் அவை பெரும்பாலும் 'எக்ஸ்11' என்ற திரைக்காட்சிப் பிரிவில் கிடந்தன. 2009 மார்ச்சில் களஞ்சியப் பொறுப்பாளர்களில் ஒருவரான யோர்க் யாஸ்பர்ட் வெளியிட்ட அறிவிப்பு இதை மாற்றியது. எழுத்துரு, மொழியாக்கம், தரவுத்தளம், ஜாவா, ரூபி, பிஹெச்பி, வீடியோ எனப் பல புதிய பிரிவுகள் அன்று பிறந்தன. அலமாரிகள் பெருகின. ஆனால் ஒரு பொருளை ஓரிடத்தில்தான் வைக்கலாம் என்ற விதி அப்படியே நின்றது. தமிழ் எழுத்துகளைச் சொல்லித்தரும் விளையாட்டை விளையாட்டில் வைப்பதா, கல்வியில் வைப்பதா? எத்தனை பிரிவு கூட்டினாலும் இந்தக் கேள்வி தீராது.

விடை, பொதியின் விவரத்தில் இன்னொரு வரியில் இருந்தது. பிரிவைச் சொல்லும் வரியைத் தவிர 'டேக்' என்றொரு வரியும் பல பொதிகளுக்கு உண்டு. அங்கே 'கல்ச்சர்::தமிழ்' என்ற குறிச்சொல்லைப் பார்த்தேன். முதலில் ஒரு கோணம், நடுவே இரட்டை முக்காற்புள்ளி, பிறகு அந்தக் கோணத்தில் அதன் மதிப்பு. ஒரு பொதிக்கு இப்படி எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் தரலாம். எதனால் ஆனது, எந்த வேலைக்கு, எந்தப் பண்பாட்டுக்கு என்று தனித்தனியே சொல்லலாம். எங்கே அடுக்கப்பட்டிருந்தாலும், 'கல்ச்சர்::தமிழ்' என்று கேட்டால் அந்தக் குறி பெற்ற அத்தனையும் வந்து நிற்கும்.

முக்காற்புள்ளி என்றதும் நூலகவியல் படித்தவர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். ஆனால் நிரல்மொழிகளிலும் இரட்டை முக்காற்புள்ளி உண்டு. குறியீடு ஒன்றை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. சான்று வேண்டும். 'டெப்டேக்ஸ்' என்ற இந்த முறையை உருவாக்கியவர் இத்தாலியரான என்ரிகோ ஜீனி. 2005இல் பின்லாந்தில் நடந்த டெபியன் மாநாட்டுக்காக அவர் எழுதிய அறிமுகக் கட்டுரையில் தன் முறையின் மூலத்தை அவரே சொல்கிறார்: இந்தியக் கணிதவியலாளரும் நூலகருமான சீர்காழி இராமாமிருத ரங்கநாதன்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பேற்ற ரங்கநாதன், பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாகின்றன. நூலின் பொருளையும் இப்படிக் கூறுகளாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்ற யோசனை 1933இல் கோலன், அதாவது முக்காற்புள்ளி, பகுப்பு முறையாக வெளிவந்தது. வைகைப் பாசனத்தில் நெல் நோய்த் தடுப்பு என்று ஒரு நூல் இருந்தால், பயிர், நோய், தடுப்பு, இடம், காலம் என அதன் முகங்களைத் தனித்தனியே குறித்து முக்காற்புள்ளி போன்ற குறிகளால் கோக்கலாம். எல்லாத் தலைப்புகளையும் முன்கூட்டியே பட்டியலிட வேண்டியதில்லை. நாளை புதிதாக ஒரு துறை முளைத்தாலும் இந்த முறை அதற்கு இடம் தரும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று. மதுரை மாவட்டக் கிளை நூலகங்களுக்கு இன்றும் சட்ட அடித்தளமாக இருக்கும் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது.

2023இல் வந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள். இத்தனை பெரிய களஞ்சியத்துக்கு ரங்கநாதன் காட்டிய வழியே சரி என்பது என் முடிவு. பிரிவுகளைக் கலைக்காமல், அவற்றோடு குறிச்சொற்களையும் வைத்தது டெபியனின் விவேகம். ஆனால் ஒரு பொதிக்குக் குறி தானாக முளைக்காது. அதைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். குறி இல்லாத தமிழ்ப் பொதி, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தேடுபவர் கண்ணில் படாது.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நூலகவியல் படிக்கும் மாணவர்களும் கணினி படிக்கும் மாணவர்களும் இந்த வேலையில் சேர்ந்து இறங்க வேண்டும். தமிழுக்கு உதவும் கட்டற்ற மென்பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதற்குப் பயன்படும், எவருக்குப் பயன்படும் என்று விவரித்து, அந்த விவரத்தை அவற்றைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். அதற்கான முறையைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையிலிருந்து ஒரு தமிழ்நாட்டு நூலகர் வகுத்துக் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டு தமிழுக்கான வேலையைச் செய்து முடிப்பது நம் பொறுப்பு.